கிரானா, சிஸ்டம்டி டைமரா, ஆன்சிபிளா: கடைக் கணினிக்கு எது ஒத்துவரும்?

தானியங்கி பேக்கப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணினி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடையில் அந்தக் கதை நடக்காது. ராத்திரி ஷட்டரை இறக்கும்போதே மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். ஷார்ட் சர்க்யூட் பயம், அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. சரி, பகலில் வைத்துக்கொள்ளலாம் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலை 5 மணிக்குத்தான் திரும்பும். யூபிஎஸ் அரை மணி தாங்கினாலே பெரிது. ஆக, கணினி கண்டிப்பாக ஓடும் என்று நம்பி பேக்கப்பை வைக்க ஒரு நேரமும் இல்லை. கிரானும் சிஸ்டம்டி டைமரும் லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டும் கருவிகள், ஆன்சிபிள் பல கணினிகளை ஒரே மாதிரி அமைக்கும் கருவி. தவறிப்போன ஓட்டத்தை இவற்றில் எது ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

வேலை சின்னதுதான். கடையின் லினக்ஸ் பெட்டியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கும் தரவை டம்ப் எடுக்க வேண்டும், அதாவது மொத்தமாக ஒரு கோப்பாக்க வேண்டும், சுருக்க வேண்டும், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் இன்னொரு வட்டுக்கு அனுப்ப வேண்டும். லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் பேஷில் பத்து வரி ஸ்கிரிப்டுக்குள் அடங்கும்.

கிரானின் கவர்ச்சி அதன் ஒற்றை வரி. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, அப்புறம் கட்டளை. டெபியன், உபுண்டுவில் இருக்கும் கிரான் 1987-ல் பால் விக்ஸி எழுதியதன் வழி வந்தது. இத்தனை வருடம் நின்றதற்குக் காரணம் இந்த எளிமைதான். ஆனால் குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அன்றைய முறை போனது போனதுதான். மறுநாள் காலை அதற்கு நினைவே இருக்காது.

இன்னொரு தொல்லை, கிரான் தப்பைச் சத்தமில்லாமல் விழுங்கும். கோப்புப் பெயரில் தேதி வரட்டும் என்று டேட் கட்டளையைச் சதவீதக் குறியோடு கிரான்டேப் (கிரானின் அட்டவணைக் கோப்பு) வரியிலேயே எழுதுவோம். டெர்மினலில் ஓட்டினால் அழகாக ஓடும். கிரானோ சதவீதக் குறியைக் கண்டதும் வரி முடிந்தது என்று வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கட்டளைக்கு உள்ளீடாகத் தள்ளிவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் கோப்புக்குள் வைத்துவிட வேண்டும். பிழைச் செய்தியை மெயிலில் அனுப்பத்தான் கிரான் பார்க்கும், ஆனால் கடைப் பெட்டியில் மெயில் சர்வர் ஏது? வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அது அடுத்த வேலைக்குப் போய்விடும்.

தவறியதைப் பிடிக்க, கிரானுக்குத் துணையாக அனக்ரான் என்ற கருவி இருக்கிறது என்பார்கள். உண்மைதான், நாள் கணக்கில் நினைவு வைத்துக்கொள்ளும். ஆனால் மணிக்கணக்குத் தெரியாது. அதோடு, டெபியன் வகையில் தினசரி வேலைகளுக்கான அடைவுக்குள் (ஃபோல்டர்) ஸ்கிரிப்டைப் போடும்போது பெயரில் புள்ளி இருந்தால், அதாவது கடைசியில் 'டாட் எஸ்எச்' என்று இருந்தால், ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். இதைத் தெரியாமல் மாதக்கணக்கில் பேக்கப் ஓடுவதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சிஸ்டம்டி டைமர் எழுதுவதற்கு எரிச்சல். ஒரு வரி வேலைக்கு சர்வீஸ், டைமர் என இரண்டு கோப்பு. ஆனால் டைமர் கோப்பில் பெர்சிஸ்டென்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், கடைசியாக எப்போது ஓடியது என்பதை வட்டில் குறித்து வைக்கும். கணினி அணைந்திருந்தபோது முறை தவறியிருந்தால் அடுத்துப் பெட்டியைப் போட்டதும் ஓட்டிவிடும். நாலு நாள் கடை பூட்டியிருந்தாலும் நாலு முறை ஓட்டாது, ஒரே முறைதான். காலையில் முதல் பில் போடும்போதே டம்ப் தொடங்கி பெட்டி மந்தமாகும் என்ற குறை நிஜம். அதற்கு ராண்டமைஸ்டு டிலே என்று ஒன்று கொடுத்து ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளலாம், ஆனால் நாம் கொடுத்த வரம்புக்குள் எவ்வளவு தள்ளும் என்பது அதன் இஷ்டம்.

எனக்கு இதில் பிடித்தது போனிலேயே விசாரிக்க முடிவது. டைமர் பட்டியலைக் காட்டும் கட்டளையைக் கடைப் பையனை அடிக்கச் சொன்னால் போதும்.

"அண்ணே, 'லாஸ்ட்'டுக்குக் கீழ இன்னைக்குக் காலைல 9.40-ன்னு காட்டுது."

"சரி தம்பி, அப்ப ஓடிருச்சு. பெயில்டு எதுவும் இருக்கான்னு அடுத்த கட்டளையையும் அடிச்சுப் பாரு."

அந்த இரண்டாவது கட்டளை முக்கியம். முதலாவது எழுப்பியதை மட்டும்தான் சொல்லும், வேலை முடிந்ததா என்பதை அல்ல. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டம்பைப் பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்பும்போது டம்ப் தோற்றாலும் ஜிஜிப் வென்றுவிடும். பேஷ் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் பார்க்கும். விளைவு, தேதியோடு பொறுப்பாக ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒன்றுமில்லாத 20 பைட். ஸ்கிரிப்டின் தலையில், இடையில் ஒன்று தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலைப் போட்டால் சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று சரியாகக் காட்டும். கிரானிலும் போடலாம், போட வேண்டும், ஆனால் அங்கே அதைப் பார்க்க ஆள் இல்லை.

ஆன்சிபிளை இந்தப் போட்டியில் சேர்ப்பதே கொஞ்சம் அநியாயம். 2012-ல் மைக்கேல் டிஹான் தொடங்கியது, 2015-ல் ரெட் ஹேட் வாங்கியது. அது நேரம் பார்த்து எழுப்பும் கருவி அல்ல. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை மட்டும் மாற்றும். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று கிளை வைத்திருக்கும் கடைக்கு அதே டைமர் கோப்பை எல்லா இடத்திலும் நட வேண்டுமானால் இதைவிடச் சௌகரியம் இல்லை. மறுபடி ஓட்டினால் எதுவும் மாறாது என்பது பெரிய நிம்மதி. ஒற்றைக் கடைக்கு இதை மாட்டுவது வீண் வேலை. என் கணக்கில் நாலு பெட்டிக்குக் கீழே, தூரத்திலிருந்தே கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைந்து கையால் வைத்துவிட்டு வரலாம். கிளைகள் மொபைல் டேட்டாவில் ஓடினால் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் பெரும்பாலும் நுழையாது. அப்போது பெட்டியே, கோப்புகளை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஆன்சிபிள்-புல் முறைக்குப் போக வேண்டும். அந்த இழுப்பையும் ஏதோ ஒன்று நேரத்துக்கு எழுப்ப வேண்டுமே, அதற்கும் டைமரைத்தான் வைப்பேன்.

டேலி கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் பெட்டிக்கு இந்த யோசனையே வேண்டாம். டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையை முடிந்த சீக்கிரம் ஓட்டு என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. தானாக விழாது, நாம்தான் டிக் போட வேண்டும்.

கிரானை எங்கே விட்டுவைப்பேன் என்றால், எப்போதும் ஓடும் கிளவுட் சர்வரில். அங்கேயும் நேரத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அந்தப் பெட்டிகள் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். ராத்திரி 2 மணி என்று எழுதியது நம் ஊரில் காலை 7.30-க்கு ஓடும்.