ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகிவிட்டு கார்புரேட்டர் ஓவர்ஹாலுக்குப் பில்: பழைய வண்டிக்காரர்கள் கவனம்

பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடப் போவதில்லை. பெயரைவிட, அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும். இதே வேலையை வேறு இடத்தில் வேறு ஆளும் செய்யலாம்.

என் காரில் இருந்த கோளாறு இதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் ஏறி இறங்கித் தடுமாறும், சில சமயம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கூடவே பிரேக் பெடலும் முன்பைவிட இறுக்கமாகத் தெரிந்தது. இரண்டையும் சொல்லித்தான் வண்டியை விட்டேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு ரேஸ் கொடுத்தார். "கார்புரேட்டர் போயிடுச்சு சார், கழற்றி ஓவர்ஹால் பண்ணி கிட் மாத்தணும்" என்றார். பிரேக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

வண்டி திரும்பி வந்தபோது ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நன்றாகத்தான் இருந்தது, அதாவது நிற்கவே இல்லை. பில்லில் கார்புரேட்டர் கிட் (உதிரி பாகத் தொகுப்பு), கேஸ்கெட் செட் (இணைப்புகளில் வைக்கும் அடைப்புத் தகடுகள்), ஓவர்ஹால் கூலி, டியூனிங் கூலி என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கவர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஓட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கடித்தது. பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன் செய்து கடிக்காமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் கடிக்கத்தான் செய்யும். காலை எடுத்தாலும் வண்டி வேகம் குறையாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போனது. மைலேஜ் இறங்கியது. எல்லாவற்றையும்விடக் கடுப்பேற்றியது, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடிவிட்டு நின்றது.

இந்தக் கடைசி அறிகுறியைச் சாதாரணமாக விடாதீர்கள். சாவியை அணைத்ததும் ஸ்பார்க் நின்றுவிடுகிறது. ஆனால் த்ராட்டில் தகடு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) தேவைக்கு மேல் திறந்திருந்தால் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சிலிண்டருக்குள் சூடாக இருக்கும் கார்பன் படிவே அதைப் பற்றவைத்துவிடும். மட்டமான பெட்ரோல், அதிகச் சூடு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் "டியூனிங்" செய்து வந்த வண்டி புதிதாக இப்படிச் செய்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, காலை எடுத்த பிறகும் அந்தத் தகடு எவ்வளவு திறந்திருக்கும் என்று வைக்கும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத்தான்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். இன்ஜினைச் சூடாக்கி, சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹெட்லைட்டும் ஃபேனும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரை மாட்டினார். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஐடிலிங் அளவு 850 என்று இருந்தது, மீட்டர் 1400-ஐத் தாண்டிக் காட்டியது. ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தி 850-க்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், பழைய தடுமாற்றம் அப்படியே வந்து நின்றது. ஓவர்ஹால் நடந்த கார்புரேட்டரில்!

பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். கார்புரேட்டர் முழுக்க எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புப் படலம். அதை மேனிஃபோல்டோடு (கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) பிடித்திருக்கும் நட்டுகளின் மேலும் அதே படலம், ஒரு ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. பளபளவென்று புதுக் கீறல் இருந்தது இரண்டே இடத்தில்: ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவின் தலையில், பக்கத்தில் ஐடிலிங்குக்கான பெட்ரோல் அளவை வைக்கும் மிக்சர் ஸ்க்ரூவின் தலையில். கார்புரேட்டரை அவர்கள் கழற்றவே இல்லை.

மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி வைத்திருந்தார்கள். இது போன்ற கார்புரேட்டரில் ஐடிலிங் ஒழுங்காக இருக்கும்போது அந்த ஸ்க்ரூவை முழுதாக மூடினால் இன்ஜின் நின்றுவிட வேண்டும், ஏனென்றால் ஐடிலிங்குக்கான பெட்ரோல் அந்த வழியாகத்தான் வருகிறது. என் வண்டி நிற்காமல் ஓடியது. த்ராட்டில் தகடு அவ்வளவு திறந்திருந்ததால், வண்டி கிளம்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய மேல் துளைகளிலிருந்து இன்ஜின் பெட்ரோலை இழுத்துக்கொண்டிருந்தது. மைலேஜ் போனதும் அதனால்தான். ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் கூர்முனையில் மோதிரம் போல ஒரு பள்ளம். பலம் கொண்டு இறுக்கியதில் முனை நசுங்கியிருந்தது. இனி அதை வைத்துச் சரியாக டியூன் செய்ய முடியாது, புதிது போட வேண்டியதாயிற்று. அந்த முனை போய் உட்காரும் துளை தப்பியது என் அதிர்ஷ்டம். அது கெட்டிருந்தால் கார்புரேட்டரே போயிருக்கும்.

சரி, உண்மையான கோளாறு என்ன? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வேக்குவம் ஹோஸாக (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் ரப்பர் குழாய்) எடுத்து, துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பார்த்தார். பிரேக் பூஸ்டருக்கு (வேக்குவத்தால் பெடலை லேசாக்கும் பாகம்) போகும் ஹோஸை நசுக்கியதும் இன்ஜின் சட்டென்று அமைதியானது. பூஸ்டர் பக்கத்து கிளிப்புக்கு அடியில் ரப்பர் கட்டையாகிப் பிளந்திருந்தது. அந்த வழியாகக் கணக்கில் இல்லாத காற்று உள்ளே போனதால்தான் ஐடிலிங் தடுமாறியது. பிரேக்குக்குக் கிடைக்க வேண்டிய வேக்குவமும் அங்கேயே வீணானதால்தான் பெடல் இறுகியது. நான் சொன்ன இரண்டு குறையும் ஒரே ஓட்டையிலிருந்து வந்தவை. அந்த ஓட்டையை விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகியது, ஒழுகும் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றி நிறைந்த மாதிரி காட்டியது போல. பணம் போனதுகூடப் பரவாயில்லை. பிரேக் சரியில்லை என்று சொன்ன வண்டியை, காலை எடுத்தாலும் வேகம் குறையாதபடி செய்து அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கவர். உள்ளே பழைய கேஸ்கெட்டுகளும் ஒரு டயாஃப்ரமும் இருந்தன. பெரியவர் கேஸ்கெட்டை எடுத்து கார்புரேட்டரின் அடிப்பக்கத்தில் வைத்தார். கேஸ்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய வட்டத் துளைகள். என் கார்புரேட்டருக்கு ஒரே வாய்தான். எந்த வண்டியில் கழற்றியதோ, அதை என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கினால் போதாது, அது உங்கள் வண்டியில் பொருந்துகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

பில்லையும் கேஸ்கெட்டையும் எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனேன். முதலில் "பையன் கவரை மாத்திக் கொடுத்துட்டான்" என்றார்கள். நட்டில் தடமே இல்லையே என்றதும், "வண்டி ஓடுச்சா இல்லையா சார்?" என்று குரல் உயர்ந்தது. கடைசியில் கிட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலியைத் தர மறுத்துவிட்டார்கள், செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியை.

ஐடிலிங் வேலைக்கு வண்டியை விடுபவர்கள், விடுவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து கார்புரேட்டரின் நட்டுகளையும் ஸ்க்ரூ தலைகளையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிப் போட்டால் தடம் தெரியாமல் இருக்காது. வாங்கும்போது, ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள அளவுக்கு ஐடிலிங்கைக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. சோக் பாதி இழுத்த நிலையிலோ குளிர்ந்த இன்ஜினிலோ காட்டினால் ஏற்காதீர்கள்.

பைக்காக இருந்தால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு: ஸ்க்ரூவை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்துப் பிடித்து வேகத்தை ஏற்றிவிடுவார்கள். நியூட்ரலில் வைத்து ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ரேஸ் ஏறினால் கேபிளில் இருக்க வேண்டிய தளர்வு இல்லை என்று அர்த்தம். வளைவில் தானாக வேகம் ஏறும், ஆளைக் கவிழ்த்துவிடும்.

கொஞ்சம் பிந்திய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூ பெரும்பாலும் ஃபேக்டரியிலேயே செட் செய்யப்பட்டது. அங்கே ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டரும் அதன் ஏர் வால்வும்தான். தடுமாறினால் முதலில் த்ராட்டில் பாடியின் கார்பனைத் துடைத்து, வால்வையும் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். "ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிடறேன் சார்" என்று அதற்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.