கயிறு இழுக்கும் சாப்பர்: கயிறு மாற்றிய கையோடு

கயிற்றைக் கையால் இழுத்தால் உள்ளே பிளேடு சுற்றிக் காய் நறுக்கும், விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும் இந்த டப்பா எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்பவர்களுக்கு: பிளேடு வரும், கிண்ணம் வரும், மூடிதான் உயிரை வாங்கும்.

வெங்காயத்தை மிக்ஸியில் போட்டால் கண் இமைப்பதற்குள் கூழ். இதில் ஓர் இழுப்புக்குச் சில சுற்றுதான் என்பதால் எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். நான்காக வெட்டிப் பாதிக் கிண்ணத்துக்கு மேல் போகாமல் போட்டால் ஏழெட்டு இழுப்பில் சமையலுக்கு ஏற்ற துண்டு, பதினைந்தில் பொடிப்பொடி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் நீர் விட்டுவிடும். நடுவில் ஒருமுறை குலுக்கினால் சுவரில் ஒட்டியதும் பிளேடுக்கு வரும். கேரட்டை 2 செ.மீ. துண்டாக்கிப் போட வேண்டும். பெரிதாக இருந்தால் பிளேடு சிக்கும், அந்த நேரம் வெடுக்கென்று இழுத்தால் கயிறு காலி. மூடியைத் திறந்ததும் முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம். அடைபட்ட நெடி மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

இனி அந்த மூடி. உள்ளே கயிறு சுற்றியிருக்கும் ஒரு கப்பி, கயிற்றைத் திரும்பச் சுருட்ட ஒரு சுருள்வில். குழாயடியில் காட்டிக் கழுவினால் கயிற்றுத் துளை வழியே தண்ணீர் இறங்கும். வெங்காயச் சாறும் சேர்ந்து நாறும், வில் துருப்பிடிக்கும், கயிறு பாதியில் தொங்கும். ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. இதை மூடியிலேயே பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

கயிறு அறுவது பெரும்பாலும் துளை விளிம்பில். மேல்நோக்கி இழுத்தால் அந்த விளிம்பு அரம் மாதிரி தேய்க்கும்; மூடிக்குச் சமமட்டமாக இழுக்க வேண்டும். மாற்றுவது கஷ்டமில்லை. பழைய கயிற்றின் நீளத்துக்கும் தடிமனுக்கும் நைலான் கயிறு எடுத்து, நுனியைத் தீயில் காட்டி உருட்டிக்கொள்ளவும். மூடியின் திருகுகளைக் கழற்றும்போது கப்பியை விரலால் அழுத்திப் பிடிக்கவும். வில் எகிறினால் அதைத் திரும்பச் சுருட்டி உள்ளே வைப்பதற்குள் பொறுமை போய்விடும். கயிறு இழுபடும் திசையில் கப்பியை முட்டும்வரை சுற்றி, ஒரு சுற்று பின்வாங்கி, கப்பித் துளையையும் மூடித் துளையையும் நேராக்கிக் கயிற்றைக் கோத்து முடிச்சிட வேண்டும். பிறகு மெதுவாக விட்டால் வில்லே கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு சுற்றை விடாவிட்டால் ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் வில்லின் நுனியில் அடி விழும்.

கிண்ணத்தின் அடியில் பிளேடு நிற்கும் முனையையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. அது தேய்ந்தால் பிளேடு ஆடி, அடியைச் சுரண்டும்.

மின்சாரம் வேண்டாம், சத்தம் குறைவு, கழுவ இரண்டே பாகம். வெங்காயத்துக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி இல்லை என்பேன். ஆனாலும் யாராவது வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால், கத்தியைச் சாணை பிடியுங்கள் என்றுதான் வாயில் வரும். விரலில் இன்னும் துருக்கறை போகவில்லை.