போகும்போது நான்ஸ்டாப், வரும்போது டப்ளின்: அட்லாண்டிக் கடக்கும் வழிகள்

நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு டிக்கெட் தேடினால் நான்ஸ்டாப் ஒரு விலையில் நிற்கும். ரெய்க்யாவிக் (ஐஸ்லாந்து), லிஸ்பன் (போர்ச்சுகல்), டப்ளின் (அயர்லாந்து) என்று எங்காவது இறங்கி மாறும் டிக்கெட்டுகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். பலரும் ஏதாவது ஒன்றை முடிவு செய்து, போகவும் வரவும் அதையே எடுத்துவிடுகிறார்கள். போகிற பயணம் வேறு, வருகிற பயணம் வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

காரணம் காற்று. அட்லாண்டிக்கின் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. நியூயார்க்–லண்டன் சுமார் 5,550 கிலோமீட்டர். போகும்போது ஆறரை, ஏழு மணி நேரத்தில் முடிகிற பயணம், திரும்பும்போது ஏழரை, எட்டு மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. சாதனைதான், ஆனால் உள்ளே இருந்தவர்கள் எவ்வளவு தூங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

இரவு விமானத்தின் கணக்கைப் பாருங்கள். ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டியது, ஓடுபாதை வரிசையில் நின்று மேலே ஏறும்போது பத்து மணி. பதினொரு மணிக்குச் சாப்பாட்டு வண்டி வரும். தட்டுகளை எடுத்துவிட்டு விளக்கை அணைக்க நள்ளிரவு ஆகிவிடும். நியூயார்க் நேரம் மூன்றரைக்கு மறுபடி விளக்கு, காபி வாசனை, ஜன்னலில் வெயில். கிடைத்தது மூன்றரை மணி நேர இருட்டு, அதிலும் பக்கத்து சீட்காரர் இரண்டு முறை எழுந்திருப்பார். பாரிஸில் இறங்கும்போது காலை பதினொன்று, உடம்புக்கு விடிகாலை ஐந்து. ஹோட்டலிலோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன்னால் அறை தர மாட்டார்கள்.

இவ்வளவு சின்ன இரவை நடுவில் உடைத்தால் என்ன ஆகும்? ரெய்க்யாவிக் வழியாகப் போனால் ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் கெஃப்லாவிக் விமான நிலையம் வந்துவிடும். தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் ஐஸ்லாந்தும் இருப்பதால் பாரிஸ் போகிறவருக்கும் பாஸ்போர்ட் சோதனை அங்கேதான். உடம்பு இரவு இரண்டரை மணி என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம் இன்னொரு விமானத்தில் மூன்றரை மணி நேரம். மிச்சமான பணத்தைப் பாரிஸில் முதல் நாள் முழுக்கத் தூங்கியே செலவழிக்கலாம். போகும் வழியில் இரண்டு மணி நேர லேஓவரை (விமானம் மாறக் காத்திருக்கும் இடைவெளியை) நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இரண்டு நாள் தங்குவதென்றால் அது வேறு கதை. ஐஸ்லாந்துஏர், கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமல் ஏழு நாள் வரை அங்கே தங்கிவிட்டுப் போக விடுகிறது. போர்ச்சுகலின் டாப் நிறுவனம் லிஸ்பனில் பத்து நாள் வரை தருகிறது. கெஃப்லாவிக்கிலிருந்து ரெய்க்யாவிக் நகரம் சுமார் 50 கிலோமீட்டர். லிஸ்பனிலோ விமான நிலையத்துக்கே மெட்ரோ வருகிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டு தலைநகரம் பார்க்கலாம் என்பது நல்ல பேரம்தான்.

லண்டன் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி தாராளமாகக் கிடைக்கிறது: பகல் விமானம். நியூயார்க், பாஸ்டன் போன்ற ஊர்களிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கிளம்பினால் லண்டனில் இரவு எட்டு மணி வாக்கில் இறங்கலாம். எலிசபெத் லைன் ரயிலைப் பிடித்து ஹோட்டல் போய், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் படுத்தால் மறுநாள் ஓரளவு மனிதராக எழுந்திருக்கலாம். ஒரு பகல் வீணாகிறது, ஒரு ராத்திரி அறை வாடகை கூடுகிறது என்பார்கள். இரவு விமானத்தில் போனவர் அந்தப் பகலை லண்டனில் தூங்கி வழிந்தே கழிக்கிறார். லண்டனுக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு பகல் விமானத்துக்குத்தான்.

நான்ஸ்டாப்பிலும் விலை குறைந்தவை உண்டு. பெட்டி, சாப்பாடு, சீட் தேர்வு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். ஏர்பஸ் ஏ321 வகைச் சின்ன விமானங்களும் இப்போது அட்லாண்டிக்கைக் கடக்கின்றன. நடுவில் ஒரே நடைபாதை, பக்கத்துக்கு மூன்று சீட். சாப்பாட்டு வண்டி நிற்கும்போது கழிப்பறைக்குப் போக நினைக்காமல் இருந்தால் சரி.

விமானம் தாமதமானால் யார் பொறுப்பு என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், இவ்வளவு தூரப் பயணத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். பாரிஸிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். அதனால் விலை ஏறக்குறைய ஒன்றென்றால் போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தைப் பிடிப்பது லாபம். இடையில் மாறுவதாக இருந்தால் இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இனி திரும்பும் பயணம். இது பெரும்பாலும் பகலிலேயே நடக்கிறது. தூங்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் நடுவில் இறங்கி ஏறுவதில் பெரிய நஷ்டம் இல்லை. அதிலும் டப்ளின் வழி என்றால் லாபமே உண்டு. அமெரிக்க இமிகிரேஷனும் சுங்கமும் டப்ளின் விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோல நேராக வெளியே நடக்கலாம். நான்ஸ்டாப்பில் வந்தவர், பிற்பகலில் ஐரோப்பாவிலிருந்து அடுத்தடுத்து வந்து குவியும் கூட்டத்தோடு வரிசையில் நிற்பார். அங்கிருந்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டியவருக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. நான்ஸ்டாப்பில் வந்தால் பொதுவாக முதல் அமெரிக்க நிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். டப்ளின் வழியாக ஒரே டிக்கெட்டில் வந்தால் அந்த வேலை மிச்சம்.

ஆனால் டப்ளினில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அமெரிக்கச் சோதனைப் பகுதிக்குள் நுழைய இன்னொரு முறை பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்தின் டிரான்சிட் விதி (நடுவில் இறங்கி விமானம் மாறுவதற்கான விதி) என்ன என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

லண்டனில் இறங்கி, யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் போய், அங்கிருந்து டப்ளின் வழியாகத் திரும்புவதுபோலவும் போடலாம். பிரிட்டனிலிருந்து கிளம்பும் நீண்டதூரப் பயணத்துக்கு உள்ள தனி வரியும் அப்போது டிக்கெட்டில் சேராது. வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ கூட்டிப்போகிறவர்கள் மட்டும் இந்தக் கணக்கு எதையும் போட வேண்டாம். கொஞ்சம் பணம் கூடினாலும் இரண்டு பக்கமும் நான்ஸ்டாப் எடுத்துவிடுங்கள்.