கடலோர சைக்கிள் பயணத்துக்கு இருவர் கூடாரம்: எப்படி இருந்தது?

கடலை ஒட்டியே நானும் வீட்டுக்காரரும் சைக்கிள் மிதித்துப் போன நெடும்பயணத்தில் ராத்தங்கல் எல்லாம் இந்த இரண்டு அடுக்குக் கூடாரத்தில்தான். துணி பாலியெஸ்டர். நைலான் ஈரம் குடித்தால் தொய்ந்துவிடும். இது மழையிலும் விறைப்பாகவே நின்றது. அலுமினியக் கம்புகளை மடக்கினால் பின் கேரியரிலேயே கட்டிவிடலாம். கம்பும் முளைகளும் அவர் வண்டியில், துணி என் வண்டியில்.

கூட வரும் மெல்லிய முளைகள் மணலில் நிற்காது. சின்னப் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். கடற்காற்றுக்கு எங்களுடையது அசையவே இல்லை.

ஜிப்தான் எனக்குப் பெரிய வருத்தம். உப்பும் பொடிமணலும் பல்லுக்குள் புகுந்து, பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். நல்ல தண்ணீர் கிடைத்த இடத்திலெல்லாம் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன், அப்புறம் தேவலை. இந்த விலைக்கு இன்னும் தடிமனான ஜிப் போட்டிருக்கலாம். விடியும்போது வெளித்துணியின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும், அதனால் காற்றுத் துவாரங்களை மூடவே மூடாதீர்கள். 'இருவர்' என்றால் இரண்டு பாய் அகலம்தான். மூட்டைகளையும் உள்ளே வைத்துப் படுக்க நினைப்பவர்கள் மூவர் கூடாரமாகவே வாங்குங்கள்.