மாலத்தீவில் தனியாகப் போகும் பெண்: ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா?

ரிசார்ட் தீவு என்றால், பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். வெளியாட்கள் சும்மா வந்துபோக முடியாது. இரவில் தனியாக நடக்கலாம், விரும்பிய உடையில் குளிக்கலாம். ஆனால் அங்கே சந்திப்பவர் எல்லாம் ஊழியர் அல்லது விருந்தினர். மது உண்டு. ஊழியர் எல்லை மீறினால் புகார் போவதும் அதே நிர்வாகத்திடம்தான். சட்டென்று வெளியேறப் படகும் அவர்களுடையது. அதனால் 119 என்ற போலீஸ் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் கதை வேறு. குடும்பங்கள் வாழும் இடம், மதுவுக்குத் தடை. தெருவில் எப்போதும் பெண்கள், குழந்தைகள் இருப்பது எனக்குப் பெரிய பாதுகாப்பாகத் தெரிகிறது. பிகினிக்குத் தனிக் கடற்கரை உண்டு. மற்ற இடங்களில் தோளும் தொடையும் மூடிய உடை வேண்டும். அறையை மட்டும் கவனியுங்கள்: உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, சமீபத்தில் தனியாகத் தங்கிய பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம், வந்துசேரும் நேரம். தொலைவிலுள்ள தீவுகளுக்குக் கூட்டிப்போகும் கடல் விமானம் இருட்டிய பின் பறக்காது. இரவு இறங்கினால் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயில் அறையை முன்பே பதிவு செய்யுங்கள்.

இரண்டு வகைத் தீவிலும் கடல் நீரோட்டம் ஆபத்தானதாக இருக்கலாம். தனியாக ஸ்நோர்க்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டி நீந்துவது) வேண்டாம்.

முதல் தனிப் பயணம் என்றால் நான் ஊர்த் தீவையே சொல்வேன்.