பைபை நீண்டகாலப் பயன்பாட்டில்: மொழி விதி ஒன்று, நிரல்களின் பழக்கம் வேறு

பைத்தான் நிரல்களை இயக்கும் வழக்கமான இன்டர்பிரட்டர் சிபைத்தான், அதே மொழியை வேகமாக இயக்கும் மாற்று பைபை. சிபைத்தானில் ஓடும் நிரலை பைபைக்கு மாற்றும்போது தொடக்கத்தில் பெரும்பாலும் எதுவும் உடையாது, டெஸ்ட்களும் பாஸ் ஆகும். சர்வர் பல மணி நேரம் ஓடிய பிறகுதான் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று பிழை எண் 24 வந்து நிற்கும்.

சிபைத்தான் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (அதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற கணக்கு) வைத்திருக்கிறது. அது பூஜ்யமானதும் ஃபைலை உடனே மூடிவிடும். மொழியின் விதிகள் இதற்கு உத்தரவாதம் தரவே இல்லை. பயனற்றுப்போன ஆப்ஜெக்டுகளை அகற்றும் பைபையின் கார்பேஜ் கலெக்டர் தன் சௌகரியத்துக்குத்தான் வரும். அதுவரை, குளோஸ் எழுதாமல் விட்ட ஃபைல்களும் சாக்கெட்டுகளும் திறந்தே கிடக்கும். பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு பிராசஸ் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களுக்கு இயல்பான வரம்பு 1024. எழுதிய தரவு பஃபரிலேயே தங்கி, இன்னொரு பிராசஸ் படிக்கும்போது ஃபைல் காலியாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

பைபையை ‘-எக்ஸ் ட்ராக்-ரிசோர்சஸ்’ ஆப்ஷனோடு இயக்கினால், மூடாத ஃபைல் எந்த வரியில் திறக்கப்பட்டது என்று எச்சரிக்கையிலேயே தெரியும். அங்கே, வேலை முடிந்ததும் ஃபைலைத் தானே மூடும் ‘வித்’ பிளாக் போடுங்கள். கார்பேஜ் கலெக்டரை உடனே ஓடவைக்கும் ஜிசி கலெக்டை ஆங்காங்கே அழைத்து ஒப்பேற்ற வேண்டாம், வேகம் போய்விடும்.

லூப்பில் ‘+=’ போட்டு நீளமான ஸ்ட்ரிங் கட்டும் நிரல்களும் பைபையில் வேகம் குறைந்து படுத்துவிடும். ஜாயின் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றிலும் பைபை விறைப்பாக நிற்பதில்லை. இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று கேட்கும் ‘இஸ்’ கொண்டு முழு எண்களை ஒப்பிட்டால் மதிப்பையே பார்க்கும். டிக்ஷனரி வரிசையைக் காப்பதை 2015லேயே கொண்டுவந்தது, மொழி விதியில் அது பைத்தான் 3.7இல்தான் ஏறியது. ஆப்ஜெக்டின் நினைவக அளவைக் கேட்கும் கெட்சைஸ்ஆஃப் அழைத்தால் மட்டும் டைப்எரர்தான்: தவறான எண்ணைத் தருவதைவிட மறுப்பது மேல் என்ற நிலைப்பாடு, சரியானதும்கூட.

உண்மையான தலைவலி சி எக்ஸ்டென்ஷன்கள், அதாவது சி மொழியில் எழுதிய பைத்தான் மாட்யூல்கள். பைபையின் சிபைஎக்ஸ்ட் அடுக்கு சிபைத்தானின் சி ஏபிஐயைப் போலி செய்கிறது. பைபையிலிருந்து சி பக்கம் எல்லை தாண்டும் ஆப்ஜெக்டுகளுக்கு அந்தப் பக்கம் ஓர் இணை உருவம் வேண்டும், ரெஃபரன்ஸ் எண்ணிக்கையோடு. ஆகவே எண் கணக்கு லைப்ரரியான நம்பையில் பெரிய அரேக்களைச் சில அழைப்புகளில் முடித்தால் பரவாயில்லை, ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டால் சிபைத்தானைவிட மெதுவாகும். சி லைப்ரரியை அழைக்க நீங்களே எழுதிய பைண்டிங் என்றால் சிஎஃப்எஃப்ஐ லைப்ரரிக்கு மாற்றுங்கள், அது இரண்டிலும் ஓடும். மற்ற பேக்கேஜ்களுக்கு, பைபைக்கான வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேக்கேஜ்களை நிறுவும் பிப் சோர்ஸை இறக்கி கம்பைல் செய்யப் பார்க்கும், சி கம்பைலர் இல்லாத கன்டெய்னரில் அங்கேயே நின்றுவிடும்.

பைபைக்கு வேகம் தருவது, ஓடும்போதே நிரலை மெஷின் கோடாக மாற்றும் ஜிட். அது ஒரு லூப்பைக் கவனிக்கவே இயல்பாக 1039 சுற்றுகள் ஆகும். சில நொடிகளில் முடியும் ஸ்கிரிப்ட்களை சிபைத்தானிலேயே விட்டுவிடலாம்.