கோழிக்கும் மாட்டுக்கும் ஒரே பாட்டில்: ஒரு வைட்டமின் டானிக்கைப் பற்றிய மதிப்புரை

நாமக்கல், ஈரோடு பக்கத்துக் கால்நடை மருந்துக் கடைகளில் ‘கோழிக்குச் சத்து டானிக்’ என்று கேட்டால், பெரும்பாலும் வைட்டமின் ஏ, டி3, ஈ, பி12 ஆகிய நான்கும் சேர்ந்த மஞ்சள் நிறத் திரவம் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பல கம்பெனிகள் தயாரிக்கும் அந்த வகை பாட்டில்களில் ஒன்றை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கும் கறவை மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்ததன் பேரில் இதை எழுதுகிறேன். குறை பாட்டிலுக்குள் இருக்கும் மருந்தில் அவ்வளவாக இல்லை, உடன் வரும் துண்டுச்சீட்டில்தான் இருக்கிறது என்பதால் கம்பெனியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஏ, டி, ஈ மூன்றும் கொழுப்பில் கரைபவை. தண்ணீரில் சும்மா ஊற்றினால் மேலே எண்ணெயாக மிதக்கும், முதலில் குடிக்கும் கோழிக்கு எல்லாமும் கடைசியில் குடிக்கும் கோழிக்கு ஒன்றுமில்லாமலும் போகும். இந்தத் தயாரிப்பு அப்படி இல்லை. குலுக்கி ஊற்றினால் நீர்மோர் போல ஒரே சீராகக் கலங்குகிறது. மாலைவரை தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரியவில்லை. தண்ணீர் வைக்கும் குடுவையின் விளிம்பில் மட்டும் வழவழப்பு ஒட்டுகிறது, அதை அன்றன்றே தேய்த்துக் கழுவ வேண்டும். மூடியிலுள்ள அளவுக் கோடுகளும் தெளிவாக இருக்கின்றன.

அளவைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. லேபிளின்படி ஒரு மில்லியில் வைட்டமின் ஏ 12,000 அலகும் டி3 6,000 அலகும் உள்ளன. 100 குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு 5 மில்லி கொடுக்கச் சொல்கிறார்கள். அப்படியானால் ஒரு குஞ்சுக்கு ஏ 600 அலகும் டி3 300 அலகும் போய்ச் சேரும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் வெளியிட்ட கோழித் தீவனத் தேவைப் பட்டியலில், குஞ்சுத் தீவனம் ஒரு கிலோவுக்கு ஏ 1,500 அலகும் டி3 200 அலகும் குறைந்தபட்சத் தேவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. நாளுக்கு 25 கிராம் தின்னும் குஞ்சுக்கு அது முறையே 38 அலகும் 5 அலகும்தான். கடைத் தீவனத்தில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் வைட்டமின்களைக் கணக்கில் எடுக்காமலேயே, டானிக் ஏ சத்தைத் தேவையைப் போல் பதினைந்து மடங்குக்கு மேலும், டி3 சத்தை அறுபது மடங்கும் கொடுக்கிறது. தடுப்பூசி போட்ட களைப்புக்கும் இடமாற்ற அயர்ச்சிக்கும் நாலைந்து நாள் கொடுத்து நிறுத்தினால் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் துண்டுச்சீட்டு ‘தொடர்ந்து கொடுக்கவும்’ என்கிறது. நீரில் கரையும் வைட்டமின் மிகையானால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். கொழுப்பில் கரைவது கல்லீரலிலும் கொழுப்பிலும் தங்கிச் சேரும். மாதக்கணக்கில் டி3 மிகையாகப் போனால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். வைட்டமின்களை இரண்டு வகுப்பாகப் பிரித்திருப்பது தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக மட்டும் அல்ல, எப்போது நிறுத்த வேண்டும் என்று வளர்ப்பவருக்குச் சொல்வதற்கும்தான். அந்த ஒரு வரி சீட்டில் இல்லை.

அடுத்த குறை ‘கால் முடக்கம் தீரும்’ என்ற வாக்குறுதி. குஞ்சு காலில் நிற்க முடியாமல் போவதற்குக் காரணங்கள் பல. டி3 குறைந்தால் எலும்பு மெலிந்து வளையும், குஞ்சின் மூக்கு ரப்பர் போல் மடங்கும். இந்த டானிக் அதற்குச் சரியான மருந்து. ஈ குறைந்தால் மூளை பாதித்துத் தலை முறுக்கிக்கொண்டு தள்ளாடி விழும். அதற்கும் ஓரளவு உதவும். ஆனால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, கணுக்காலை ஊன்றி நகரும் குஞ்சுக்குக் குறைவது பி2 என்னும் ரிபோஃபிளேவின். தானியத்தை மட்டுமே தின்னும் குஞ்சுகளில் இதைக் காணலாம். பி2 இந்தப் பாட்டிலில் ஒரு துளிகூட இல்லை. எங்கள் குஞ்சுகளில் விரல் சுருண்டவை இந்த டானிக்கால் தேறவில்லை, பி2 அடங்கிய பி காம்ப்ளக்ஸ் கொடுத்த பிறகே எழுந்து நடந்தன. நாள்பட்டுச் சுருண்டது மட்டும் நரம்பு கெட்டதால் அப்படியே நின்றுவிட்டது. வைரஸால் வரும் மேரெக்ஸ் நோயின் கால் வாதத்துக்கோ எந்த வைட்டமினும் உதவாது.

‘மஞ்சள் கரு நிறம் கூடும்’ என்பதும் வெறும் விளம்பரம். கருவுக்கு நிறம் தருவது மக்காச்சோளத்திலும் பச்சிலையிலும் உள்ள சாந்தோஃபில் நிறமி. வைட்டமின் ஏ அந்த வேலையைச் செய்வதில்லை. முருங்கைக்கீரையும் அசோலா என்ற நீர்த்தாவரமும் போட்டால் நிறம் இலவசமாக வரும்.

வைட்டமின் கே இதில் சேர்க்கப்படவில்லை என்பது எனக்கு உறுத்தியது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகள் ரத்தம் உறையாமல் கசிவதைக் கண்டுதான் இந்த வைட்டமினைக் கண்டுபிடித்து 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ரத்தக்கழிச்சல் கண்டு சல்ஃபா மருந்து கொடுக்கும் வேளையில் குஞ்சுகளுக்கு முதலில் தேவைப்படுவது கேதான். அதே ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுப்பதாக இருந்தால், பி1 உள்ள டானிக்கை உடன் கொடுக்கக் கூடாது. ஆம்ப்ரோலியம் பி1இன் சாயலில் அமைந்து கிருமியை ஏமாற்றிப் பட்டினி போடும் மருந்து என்பதால், பி1 ஊற்றினால் அதன் வேலை கெடும். இந்தப் பாட்டிலில் பி1 இல்லாததால் அந்த ஆபத்து மட்டும் இல்லை. சி இல்லாதது குறையே அல்ல, கோழி அதைத் தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்கிறது.

மாட்டுக்கு இதை வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. அசை போடும் விலங்கின் பெருவயிற்றில் நுண்ணுயிரிகள் பி வகை முழுவதையும் கே சத்தையும் தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. பி12க்கு வேண்டியது தீவனத்தில் கொஞ்சம் கோபால்ட், அது தாது உப்புக் கலவையிலேயே உண்டு. வெயிலில் மேயும் மாட்டுக்கு டி சத்து தோலிலேயே உண்டாகும். பசுந்தீவனம் கிடைக்கும் வரையில் ஏ சத்துக்கும் பஞ்சமில்லை. கோடையில் மாதக்கணக்கில் வெறும் வைக்கோலை மட்டும் தின்னும் சினைமாட்டுக்குத்தான், அதுவும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், ஏ சத்து கொடுப்பதில் பொருள் இருக்கிறது. அந்தக் குறையோடு ஈனும் கன்று நோஞ்சானாகவோ பார்வை இல்லாமலோ பிறக்கக்கூடும். பெருவயிறு இன்னும் வளராத இளங்கன்றுக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது, ஆனால் அதற்குச் சீம்பாலும் பாலும் இருக்கின்றன.

கோழி மட்டும் வளர்ப்பவர்கள், தீவனம் வீட்டில் அரைப்பவர்கள், வெயில் படாத கொட்டகையில் குஞ்சு வைப்பவர்கள் ஆகியோருக்கு இந்தப் பாட்டிலைத் தயங்காமல் சொல்வேன். சிறிய பாட்டிலாகவே வாங்குங்கள். ஏ, ஈ இரண்டும் காற்றும் வெளிச்சமும் பட்டால் வீரியம் இழப்பவை, திறந்த லிட்டர் பாட்டில் கொட்டகைச் சன்னலில் மாதக்கணக்கில் நின்றால் மிஞ்சுவது நிறம் மட்டுமே. காலில் சுருட்டல் கண்டால் கடைக்காரரிடம் பி2 இருக்கிறதா என்று லேபிளைத் திருப்பிப் பார்த்துக் கேளுங்கள்.